தென்னிந்தியக் காட்டுக் காளான்கள்: வளரிடங்களின் வரலாறு

காட்டுக் காளான்கள் என்பவை யாரும் விதைக்காமல், மழைக்குப் பின் தாமாக முளைக்கும் பூஞ்சைகளின் கனியுடல்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இவை கறையான் புற்று, மட்கும் வைக்கோல், சாணம், பட்டுப்போன மரம், உயிருள்ள மரத்தின் வேர் எனப் பல இடங்களில் வளர்கின்றன. ஒவ்வொரு காளானுக்கும் தனக்கென ஓர் இடம் உண்டு என்பதும், அந்த இடத்தை விட்டு அது எளிதில் வேறிடத்தில் வளராது என்பதும் மக்கள் நெடுங்காலமாக அறிந்தவை. அதற்கான காரணம் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகே படிப்படியாக விளங்கியது. எந்தக் காளானைக் கொட்டகையில் வளர்க்க முடிந்தது, எது இன்றும் காட்டிலிருந்தே கிடைக்கிறது, எது அயல்நாட்டு மரத்தோடு சேர்ந்து இங்கு வந்தது என்பவற்றை எல்லாம் வளரிடமே தீர்மானித்தது.

சொல்லும் பழைய பதிவுகளும்

காளானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆம்பி. காளாம்பி என்ற வடிவமும் சங்க இலக்கியத்தில் உண்டு. மலையாளத்தில் கூண் என்றும் கன்னடத்தில் அணபெ என்றும் வழங்குகிறது. குடை வடிவக் காளான்களுக்கு நாய்க்குடை என்ற பெயரும் தமிழில் உண்டு. உண்ண உதவாதவற்றையே பெரும்பாலும் இப்பெயரால் சுட்டுவர்.

சங்க நூல்களில் காளான் வறுமையின் அடையாளமாக வருகிறது. புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டின் நிலையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் குறிப்பிடுகிறார். நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் பாணனின் பாழடைந்த அடுக்களை காட்டப்படுகிறது. அங்கே பழைய சுவரைக் கறையான் கூட்டம் அரித்து உதிர்த்த புழுதியில் காளாம்பி பூக்கிறது. கறையானைச் சிதல் என்ற சொல்லால் அப்பாடல் குறிக்கிறது.

இவ்விரு பதிவுகளிலும் உள்ள காளான் எந்த இனம் என்று பாடலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆனால் இரண்டிலும் இடம் துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நெருப்பு எரியும் அடுப்பில் காளான் முளைக்காது. ஈரமும் மட்கிய பொருளும் தொந்தரவில்லாத நாட்களும் சேர்ந்தால்தான் முளைக்கும். கறையான் அரித்த இடத்துக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பையும் பாடல் கவனித்திருக்கிறது.

காளானை உண்பது குறித்து ஒரே வகையான வழக்கம் இருந்ததில்லை. உண்ணத்தகாதவற்றின் வரிசையில் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் மனுஸ்மிருதி சேர்க்கிறது. மறுபுறம், மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடி மக்களுக்கும் சமவெளிக் கிராமத்தவருக்கும் மழைக்காலக் காளான் விலையில்லாமல் கிடைக்கும் நல்ல உணவாக இருந்துவந்தது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கை கிராமங்களில் பரவலாக உண்டு. இடியோடு வரும் முதல் மழை மண்ணை நனைத்து இளக்குவதும், அதையடுத்த நாட்களில் காளான் தலைகாட்டுவதும் இந்த நம்பிக்கைக்கு அடிப்படையாகலாம்.

வளரிடமே உணவு

கண்ணுக்குத் தெரியும் குடை காளானின் முழு உடல் அன்று. மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ நூல்போலப் பரவிக் கிடக்கும் பூஞ்சை இழைகளே அதன் நிலையான உடல். மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ அப்படித்தான் இந்த இழைத்தொகுதிக்குக் குடை. குடையின் அடியில் உள்ள செதில்களிலிருந்தோ துளைகளிலிருந்தோ ஸ்போர் எனப்படும் நுண்ணிய வித்துத்தூள் காற்றில் பரவுகிறது.

பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. ஆகவே அது தன் உணவைத் தானே தயாரிக்காது. நொதிகளைச் சுரந்து, தான் இருக்கும் பொருளைக் கரைத்து உறிஞ்சுகிறது. இதனால் காளானைப் பொறுத்தவரை வளரும் இடமும் உண்ணும் உணவும் ஒன்றே. இந்த அடிப்படையில் காளான்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை இறந்த பொருளை மட்கச் செய்து வாழ்பவை. இரண்டாம் வகை உயிருள்ள மரத்தைத் தாக்கி வாழ்பவை. மூன்றாம் வகை வேறோர் உயிரோடு கொடுக்கல் வாங்கல் செய்து கூட்டாக வாழ்பவை. தென்னிந்தியாவில் இம்மூன்று வகைகளும் உள்ளன. அவற்றுள் அறிவியலின் கவனத்தை முதலில் ஈர்த்தது கறையானோடு கூட்டாக வாழும் புற்றுக்காளான்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த பதிவு

யோகான் கெரார்டு கூனிக் என்ற மருத்துவர் 1768-இல் டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் சுவீடனின் தாவரவியலாளர் கார்ல் லின்னேயசின் மாணவர். தரங்கம்பாடி மிஷனில் மருத்துவப் பணி செய்துகொண்டே சோழமண்டலக் கரையின் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் பணியாற்றி 1785-இல் இறந்தார்.

1779-இல் பெர்லினின் இயற்கை ஆய்வாளர் சங்க வெளியீட்டில் கூனிக் எழுதிய கறையான் பற்றிய கட்டுரை வெளியானது. தென்னிந்தியக் கறையான்களின் கூடு, வாழ்க்கை முறை, மக்கள் அவற்றை உணவாகக் கொள்ளும் வழக்கம் ஆகியவற்றை அது விவரித்தது. கறையான் கூட்டுக்குள் பூஞ்சை வளர்வதைப் பதிவுசெய்த மிகப் பழைய ஐரோப்பிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1781-இல், ஹென்றி ஸ்மீத்மன் மேற்கு ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையும் கூட்டினுள் உள்ள பூஞ்சையைக் குறிப்பிட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நிலப்பகுதிகளில் ஒரே காட்சி பதிவானதால், கறையானும் பூஞ்சையும் தற்செயலாகச் சேர்ந்திருக்கவில்லை என்ற ஐயம் எழுந்தது.

பேராதனைத் தோட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதிக் காளான்களின் ஆய்வுக்கு மையமாக இருந்தது இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டம். 1844 முதல் 1849 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த ஜார்ஜ் கார்ட்னரும், அவருக்குப் பின் 1880 வரை பொறுப்பில் இருந்த துவைட்சும் காளான்களைச் சேகரித்து உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கே அவற்றை ஆராய்ந்தவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. இவர் ஒரு தேவாலயப் போதகர். அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய உருளைக்கிழங்கு நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று 1846-இல் எடுத்துக்காட்டியவர்.

இலங்கையிலிருந்து வந்த நீண்ட வேருள்ள ஒரு குடைக்காளானுக்கு 1847-இல் பெர்க்லி பெயர் சூட்டினார். இன்று டெர்மிட்டோமைசிஸ் யூரைசஸ் என்று அறியப்படும் புற்றுக்காளான் அதுவே. பெயரின் பின்பகுதி அதன் வேர்போன்ற காம்பைக் குறிக்கிறது. பின்னர் பெர்க்லியும் புரூமும் சேர்ந்து இலங்கைப் பூஞ்சைகளை விரிவாகப் பட்டியலிட்டனர். சிறு குடைகளாக நூற்றுக்கணக்கில் முளைக்கும் டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பசும் 1871-இல் அவர்கள் வழியாகவே அறிவியலுக்கு அறிமுகமானது. கேரளத்தில் அரிக்கூண் எனப்படுவது இதுவே.

பேராதனையிலிருந்து பூஞ்சைகள் அனுப்பப்பட்டதற்கு அறிவியல் ஆர்வத்தோடு பொருளாதாரக் கட்டாயமும் காரணமாயிற்று. 1869-இல் துவைட்ஸ் அனுப்பிய காப்பி இலைகளில் இருந்த துரு நோய்ப் பூஞ்சைக்கு பெர்க்லியும் புரூமும் பெயரிட்டனர். அந்த நோய் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தில் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் வாழ்க்கையையும் அந்த மாற்றம் புரட்டிப்போட்டது. பூஞ்சையைப் புறக்கணிக்க முடியாது என்று ஆட்சியாளர் உணர்ந்ததும் பேராதனைக்குத் தனியாகப் பூஞ்சையியலாளர் அமர்த்தப்பட்டனர்.

அவ்வாறு 1905-இல் வந்தவர் டாம் பெட்ச். புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, கறையான் கூட்டுப் பூஞ்சைகளைப் பற்றி 1906-இல் அவர் எழுதிய ஆய்வு இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. கறையான் வாழும் புற்றிலிருந்து குடைக்காளான் முளைப்பதையும், கறையான் கைவிட்ட கூட்டிலிருந்து கரிய கோல் போன்ற ஸைலேரியா என்ற வேறொரு பூஞ்சை எழுவதையும் அவர் விவரித்தார். ஒரே புற்றில் எந்தக் காளான் தோன்றும் என்பது உள்ளே கறையான் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

புற்றுக்காளானின் வாழ்க்கை

கறையான்கள் உலர்ந்த இலை, புல், மரத்துகள் ஆகியவற்றைத் தின்று, முழுதும் செரிக்காத அந்தப் பொருளைக் கழிவாக வெளியேற்றி, அதைக் கொண்டு பஞ்சுபோன்ற மடிப்புகளுள்ள அடைகளைக் கட்டுகின்றன. இந்த அடையில் பூஞ்சை இழைகள் பரவுகின்றன. கறையானால் செரிக்க முடியாத மரப்பொருளைப் பூஞ்சை சிதைத்து இளக்குகிறது. அடையின் மேல் கடுகளவு வெண்முத்துகள் தோன்றுகின்றன. கறையான்கள் இம்முத்துகளையும் நன்கு இளகிய பழைய அடையையும் தின்கின்றன. பூஞ்சைக்கு உணவும், சீரான வெப்பமும், ஈரமும், பிற பூஞ்சைகளிடமிருந்து பாதுகாப்பும் கிடைக்கின்றன. இது உழவுக்கு ஒப்பானது. இரு தரப்பும் தனித்து வாழ முடியாத அளவுக்கு ஒன்றையொன்று சார்ந்தவை.

மழை தொடங்கி, ஈசல் பறந்து சில வாரங்கள் கழிந்தபின் அடையிலிருந்து வேர்போன்ற நீண்ட காம்பு மேல்நோக்கி வளர்கிறது. குடையின் உச்சியில் உள்ள கூரான முனை இறுகிய மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. குடை விரிந்து ஓரிரு நாட்களில் அழுகிவிடும். அதனால் மொட்டாக இருக்கும்போதே பறிப்பது வழக்கம். அரிக்கூண் மட்டும் இதிலிருந்து வேறுபடும். கறையான்கள் வெளியே கொண்டுவந்து பரப்பிய அடைத்துகள்களிலிருந்து முளைப்பதால் அதற்கு நீண்ட வேர்க்காம்பு இருப்பதில்லை.

ஈசல் பறப்பதற்கும் காளான் முளைப்பதற்கும் இடையே உள்ள சில வார இடைவெளிக்குப் பொருள் உண்டு. பெரும்பாலான இனங்களில் ஈசல் தன்னோடு பூஞ்சையை எடுத்துச் செல்வதில்லை. புதிய கூட்டில் பிறந்த முதல் வேலைக்காரக் கறையான்கள் இரை தேடி வெளியே வரும் காலமும், பழைய புற்றுகளின் காளான்கள் ஸ்போர்களை உதிர்க்கும் காலமும் பொருந்தி வருகின்றன. வெளியிலிருந்து தின்ற இரையோடு ஸ்போரும் உள்ளே போகிறது. அதிலிருந்து புதிய புற்றின் தோட்டம் தொடங்குகிறது.

ஆப்பிரிக்க, ஆசியப் புற்றுக்காளான்களைப் பிற காளான்களிலிருந்து பிரித்து டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை 1942-இல் நிறுவியவர் பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரோஜர் ஹைம். அவர் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்ற தென்னிந்தியப் புற்றுக்காளானை 1979-இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். மறு ஆண்டில் சாம்பியாவிலிருந்து விவரிக்கப்பட்ட டெர்மிட்டோமைசிஸ் டைட்டானிகசின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியக்கூடியது. உண்ணத்தக்க காளான்களில் இதுவே மிகப் பெரியதாகக் கருதப்படுகிறது.

மரபணு ஒப்பீடுகள் இந்தக் கூட்டுவாழ்வு ஆப்பிரிக்காவில் ஒரே ஒருமுறை, சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகக் காட்டுகின்றன. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் கிடைத்து 2016-இல் விவரிக்கப்பட்ட அடைகளின் புதைபடிவங்கள் சுமார் 2.5 கோடி ஆண்டுகள் பழைமையானவை. தென்னிந்தியப் புற்றுகளில் வாழும் கறையான்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்குப் பரவிய இந்த உழவு மரபின் தொடர்ச்சி.

வைக்கோலும் கொட்டகையும்

இறந்த பொருளில் வாழும் காளான்களுக்குத் துணை உயிர் தேவையில்லை. சரியான தீவனமும் வெப்பமும் ஈரமும் போதும். ஆகவே மனிதரின் கொட்டகைக்குள் முதலில் வந்தவை இவையே.

அறுவடைக்குப் பின் களத்து ஓரத்தில் மட்கும் வைக்கோல் போரில் மழைக்காலத்தில் தானாக முளைப்பது வைக்கோல் காளான். முட்டை வடிவ உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் இந்தக் காளானைத் தென்சீனத்தில் நெடுங்காலமாக வளர்த்துவந்தனர். இந்தியாவில் இதை வளர்க்கும் முறை 1940-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் உருவாக்கப்பட்டது. தாமஸ், ராமகிருஷ்ணன், நரசிம்மலு ஆகியோர் 1943-இல் அதை வெளியிட்டனர். நெல் விளையும் நாட்டில் கழிவாகும் வைக்கோலே இதன் மூலப்பொருள்.

பட்டுப்போன மரங்களில் அடுக்கடுக்காக முளைக்கும் சிப்பிக் காளானுக்கும் இதே வழி பொருந்தியது. மரத்தைக் கரைக்கும் நொதிகள் வைக்கோலையும் கரைக்கும் என்பதால் அதை மரத்திலிருந்து வைக்கோலுக்கு மாற்ற முடிந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் பானோவும் ஸ்ரீவாஸ்தவாவும் 1962-இல் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை வெளியிட்டனர். இன்று தமிழ்நாட்டின் சிறு காளான் பண்ணைகளில் பாலித்தீன் பைகளில் தொங்கும் வைக்கோல் உருளைகள் இந்த முறையின் வளர்ச்சியே.

மூன்றாவது பால் காளான். மேற்கு வங்கத்தில் காட்டுக் காளானாக இருந்த இது 1974-இல் கலோசைபி இண்டிகா என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் சமவெளியின் வெப்பத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கி, அருப்புக்கோட்டை ஆய்வு நிலையத்திலிருந்து ஏபிகே 2 என்ற ரகமாக 1998-இல் வெளியிட்டது. குளிர்ச்சி தேவைப்படும் மொட்டுக் காளானை மலைப்பகுதிகளிலோ குளிரூட்டிய அறைகளிலோதான் வளர்க்க முடியும். பால் காளான் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்குவதால் தென்னிந்தியச் சமவெளிக்கு ஏற்றதாயிற்று.

மரத்தில் வாழ்பவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் விழுந்த கட்டை ஒன்றில் பல வகைக் காளான்களைக் காணலாம். விசிறி வடிவில் கடினமாக ஒட்டியிருக்கும் துளைக்காளான்கள், செவிமடல் போன்ற ஆரிகுலேரியா, சாம்பல் நிறச் சிறு விசிறியான ஸ்கைசோஃபில்லம் ஆகியவை பரவலானவை. மழைக்கால இரவுகளில் பச்சை ஒளி வீசும் சிறு காளான்களும் இம்மலைகளில் மட்கும் மரத்தில் வளர்கின்றன. மரத்தின் லிக்னின் என்ற கடினப் பொருளைச் சிதைக்கக்கூடிய உயிர்கள் மிகக் குறைவு. அவற்றுள் முதன்மையானவை இக்காளான்கள். இவை இல்லையெனில் விழுந்த மரங்கள் மண்ணாகாமல் குவிந்துவிடும்.

இவற்றுள் சில உயிருள்ள மரத்தையும் தாக்கும். கனோடெர்மா என்ற மெருகிட்டது போன்ற காளான் தென்னையின் அடிமரத்தை அழுகச் செய்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்தில் 1952-இல் கவனிக்கப்பட்டதால் இந்நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். அடிமரத்தில் காளான் தென்படும்போது உள்ளே அழுகல் வெகுதூரம் பரவியிருக்கும்.

வேரோடு வாழ்பவை

மண்ணிலிருந்து முளைப்பதுபோல் தோன்றும் பல காளான்கள் உண்மையில் மரத்தின் வேரோடு இணைந்தவை. இதைத் தெளிவாக்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். விலையுயர்ந்த டிரஃபிள் காளானை வளர்க்க வழி தேடுமாறு பிரஷ்ய அரசு அவரைப் பணித்தது. டிரஃபிள் வளர்ப்பு கைகூடவில்லை. ஆனால் மரங்களின் நுனிவேர்களைப் பூஞ்சை உறைபோல் சூழ்ந்திருப்பதைக் கண்டு, 1885-இல் அதற்கு வேர்ப்பூஞ்சை எனப் பொருள்படும் மைக்கோரைசா என்ற பெயரைத் தந்தார். பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் கனிமங்களையும் மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் இலையில் தயாரித்த சர்க்கரையைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது.

இந்தத் தொடர்பு எவ்வளவு ஆழமானது என்பதைப் பைன் மரங்கள் காட்டின. வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் பைன் விதையை மட்டும் கொண்டுவந்து விதைத்தபோது நாற்றுகள் வெளிறிக் குன்றின. பைன் காட்டின் மண்ணைச் சிறிது கலந்ததும் செழித்தன. மரத்தைக் குடியேற்ற அதன் பூஞ்சையையும் குடியேற்ற வேண்டியிருந்தது.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை. சோலையும் புல்வெளியுமாக இருந்த நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைலமரமும் சீகை மரமும், பின்னர் மெக்சிகோவைச் சேர்ந்த பைனஸ் பட்டுலாவும் நடப்பட்டன. இன்று அந்தப் பைன் தோட்டங்களில் சிவப்புக் குடையில் வெண்புள்ளிகள் கொண்ட அமானிட்டா மஸ்காரியா முளைக்கிறது. ஐரோப்பியக் குழந்தைக் கதைப் படங்களில் வரும் நச்சுக் காளான் இதுவே. நீலகிரிப் பைன் வேர்களில் இதுவும் சூலஸ், லாக்காரியா ஆகிய காளான்களும் இணைந்திருப்பதை 1993-இல் வெளியான ஆய்வு உடற்கூற்று அடிப்படையில் விவரித்தது. இவை சோலைக்கு உரியவை அல்ல. வந்த மரத்தோடு வந்தவை.

மண்ணின் சொந்த வேர்க்காளான்களும் இங்கு உண்டு. வெள்ளைக்குங்கிலியம், ஹோபியா முதலான குங்கிலியக் குடும்ப மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான மழைக்காடுகளில் வளர்கின்றன. குடகுப் பகுதியின் உப்பங்களா காட்டில் இம்மரங்களோடு வாழும் வேர்க்காளான்களை நடராஜனும் உடனாய்வாளரும் 2005-இல் பதிவுசெய்தனர். அங்கும் நீலகிரிப் பைன் தோட்டங்களிலும் காணப்படும் காளான்களின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உயரத்தையும் மழையையும் மட்டும் பார்த்தால் போதாது. மேலே நிற்பது எந்த மரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

புல்வெளியும் சாணமும்

மேய்ச்சல் நிலத்திலும் தோட்டப் புல்தரையிலும் முளைப்பவை மண்ணில் உள்ள மட்கிய பொருளை உண்பவை. சில இனங்கள் ஒரு புள்ளியில் தொடங்கி ஆண்டுதோறும் வெளிநோக்கிப் பரவுவதால் குடைகள் வட்டமாக முளைக்கும். மாட்டுச் சாணத்திலும் யானை இலத்தியிலும் வேறு இனங்கள் வளர்கின்றன. அவற்றுள் சில சிலோசைபின் என்ற மயக்கப்பொருள் கொண்டவை. கொடைக்கானல் போன்ற இடங்களில் இவற்றைத் தேடுவோர் உண்டு. சிலோசைபினை வைத்திருப்பது இந்தியப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். வறண்ட நிலங்களில் புற்றின் மேல் கோல்போல் நிற்கும் பொடாக்சிஸ் என்ற காளானும் உண்டு. 1771-இல் லின்னேயஸ் பெயரிட்ட இது புற்றில் வளர்ந்தாலும் கறையான் பயிரிடும் காளான் அன்று.

நச்சுக் காளானும் வளரிடமும்

உண்ணத்தக்க காளானையும் நச்சுக் காளானையும் பிரித்தறியப் பல கைமுறைகள் வழக்கில் உள்ளன. வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்லது, கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்பவை அவற்றுட் சில. இவற்றுள் எதுவும் நம்பத்தக்கது அன்று. மிகக் கொடிய அமானிட்டா இனங்களில் உள்ள அமாடாக்சின் கொதிப்பதால் அழிவதில்லை. தின்று 6 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எந்த அறிகுறியும் தோன்றாமல் இருக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிப் பின் ஓய்ந்து, நலமடைந்ததுபோல் தோன்றும் நாட்களில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும்.

வளரிடத்தை அறிந்தவர்களிடம் உள்ள பாதுகாப்பு வேறு வகையானது. தலைமுறைகளாகக் காளான் பறிக்கும் குடும்பத்தினர் புற்றில் வேரோடு வரும் காளானைத் தோண்டி, அடிக்காம்பு அடைவரை செல்கிறதா என்று பார்ப்பர். புற்றுக்காளானின் ஸ்போர் இளஞ்சிவப்பு நிறமுடையது. புல்தரையில் முளைத்துக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் மேலோட்டமாக உண்ணும் காளானைப் போல் இருந்தாலும் அதன் ஸ்போர் பச்சை நிறமானது. அதற்கு மண்ணடியில் வேர்க்காம்பும் கிடையாது. பறித்த குடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அடையாளங்களில் பாதி கிடைக்காது.

ஊர் மாறும்போது இந்த அறிவு பயனற்றுப்போகவும் கூடும். ஐரோப்பாவின் மரணக்குடை எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் நடப்பட்ட மரங்களின் வேரோடு கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. தங்கள் நாட்டின் வைக்கோல் காளான் என்று எண்ணி அதை உண்ட ஆசியக் குடியேறிகள் அங்கே இறந்திருக்கின்றனர். மொட்டுப் பருவத்தில் இரண்டுமே உறைக்குள் இருக்கும். ஆனால் ஒன்று மட்கிய வைக்கோலில் முளைப்பது, மற்றது ஓக் மரத்தின் கீழ் முளைப்பது. இடம் தெரிந்திருந்தும் இடத்தைக் கேட்காததே அங்கே உயிரைப் பறித்தது.

இன்றைய நிலை

காளான் வளர்ப்பில் இன்று வெற்றி பெற்றவை வைக்கோல், சிப்பி, பால், மொட்டு ஆகிய வகைகள். நான்கும் இறந்த பொருளை உண்பவை. சுவைக்காக மிகுதியும் விரும்பப்படும் புற்றுக்காளான் இப்பட்டியலில் இல்லை. ஆய்வகத்தில் அதன் இழைகளை வளர்க்க முடிகிறது. சந்தைக்குத் தேவையான அளவில் குடைகளை முளைக்கவைக்க முடியவில்லை. கறையான் செய்யும் வேலையை மனிதர் இன்னும் செய்யக் கற்கவில்லை. ஆகவே மழைக்காலச் சாலையோரங்களில் இலையில் வைத்து விற்கப்படும் புற்றுக்காளான் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு புற்றிலிருந்து பறித்ததே.

அந்தப் புற்றுகள் குறைந்துவருவதே இக்காளானுக்கு உள்ள முதன்மையான அச்சுறுத்தல். நிலத்தைச் சமன்படுத்துதல், ஆழ உழுதல், கறையான்கொல்லி மருந்துகள், வீட்டுமனையாக்கம் ஆகியவற்றால் புற்று அழிந்தால் அதன் அடியில் உள்ள தோட்டமும் அழியும். குடையைப் பறிப்பதால் மண்ணடி இழைத்தொகுதி இறந்துவிடுவதில்லை. அதே புற்றில் அடுத்த ஆண்டும் காளான் முளைக்கும். புற்றையே இடித்தால் திரும்ப முளைக்க இடமில்லை. கோயில் புற்றுகளையும் கோயில்காட்டுப் புற்றுகளையும் இடிக்காமல் காக்கும் தமிழக வழக்கம் காளானுக்காகத் தோன்றியது அன்று. ஆனால் அத்தகைய இடங்களில் கறையானும் அதன் காளானும் தொந்தரவின்றித் தொடர்கின்றன.

எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பின், எத்தனையாவது நாளில் என்ற அறிவு பெரும்பாலும் எழுதப்படாமல் பறிப்பவரோடு இருப்பது. பெர்க்லிக்குக் கிடைத்தவை உலர்ந்த மாதிரிகள். புற்றின் உட்புறத்தை பெட்ச் நேரில் தோண்டிய பிறகே அந்த மாதிரிகளின் நீண்ட வேருக்குப் பொருள் விளங்கியது. காளானின் இனப்பெயரோடு அது முளைத்த இடத்தையும் துணை உயிரையும் சேர்த்துப் பதிவது இன்றைய பூஞ்சையியலின் அடிப்படை நடைமுறை. சிறுபாணாற்றுப்படை காளானைச் சொன்ன இடத்தில் கறையானையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது.